அரை டிக்கெட்டின் முழுப் பயணம்

குழந்தைகளே, உலகில் உயிர்கள் இரண்டே வகை: டிக்கெட் உள்ளவை, டிக்கெட் இல்லாதவை. மீனும் பறவையும் இரண்டாம் வகை. கேட்பாரில்லாமல் ஊர் ஊராகப் போகின்றன. அதனால்தான் இன்றுவரை உருப்படவில்லை. நாம் உருப்பட்டுவிட்டோம்.

டிக்கெட்டிலும் இரண்டு உண்டு. ஒன்று உள்ளே விடும். இன்னொன்று ஊருக்குக் கொண்டுபோகும். இந்த நுட்பத்தை என் அக்கா மகளுக்கு, வீட்டில் நாங்கள் 'அரை டிக்கெட்' என்று கூப்பிடும் வாண்டுக்கு, ரயில் நிலையத்திலேயே கற்பிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

அக்கா வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். திடீரென்று இன்னும் தொலைவுக்கு மாற்றிவிட்டார்கள். போகிற வழியில் அவள் ரயில் எங்கள் ஊரில் ஒரு காபி குடிக்கும் நேரம் நிற்கும். அரை டிக்கெட்டுக்கு முதல் பல் விழுந்திருந்தது. அதை அம்மா கையில்தான் கொடுப்பேன் என்று உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்தாள்.

கவுன்ட்டரில் நடைமேடை டிக்கெட் கேட்டேன்.

"இன்னிக்குக் கிடையாது. கூட்டத்தக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு," என்றார் கவுன்ட்டர்க்காரர்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு பெஞ்சு. அதன் கீழ் ஒரு நாய்.

"எங்க சார் கூட்டம்?"

"பாத்தீங்கல்ல? உத்தரவு எப்படி வேலை செய்யுது!"

எனக்கு மெய்சிலிர்த்தது. "அப்ப நாங்க எப்படி உள்ள போறது?"

"அடுத்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுங்க. பயணிகளுக்குத் தடையில்ல."

எடுத்தோம். வாசலில் நின்ற பரிசோதகர், "வாங்க பயணிகளே!" என்று வரவேற்றார். எனக்கே கொஞ்சம் வளர்ந்துவிட்டாற்போல் இருந்தது. நாயும் எங்கள் பின்னால் உள்ளே வந்து படுத்தது.

அக்கா ரயிலுக்கு முன்னால், எதிர்த் திசையில் போகும் பாசஞ்சர் வந்தது. பரிசோதகரும் வந்தார்.

"ஏறுங்க."

"நாங்க போகல சார். அடுத்த வண்டில இவ அம்மா வர்றாங்க. பாத்துட்டு வீட்டுக்குப் போயிடுவோம்."

அவர் முகம் கறுத்தது. "போறதுக்குன்னு டிக்கெட் எடுத்துட்டு, போகாம நின்னா அது 'நடைமேடை உபயோகம்'. அதுக்கு டிக்கெட் எங்க?"

"அதத்தான் குடுக்க மாட்டேங்கறாங்களே!"

"குடுக்காதத வாங்காம நிக்கறது எவ்வளவு பெரிய தப்பு!"

அரை டிக்கெட் குறுக்கே புகுந்தாள். "அந்த நாய்கிட்ட டிக்கெட் இருக்கா அங்கிள்?"

"அது எங்கயும் போறதா சொல்லலியே பாப்பா. சார், ஒண்ணு ஏறுங்க, இல்ல வெளிய போங்க."

வெளியே போனால் இரண்டு ஆள் உயர மதில்தான். ரயிலின் கூரைகூடத் தெரியாது.

"அம்மா ரயிலு அடுத்த ஸ்டேஷன் வழியா வருமா அங்கிள்?"

"கண்டிப்பா வரும் பாப்பா."

நிற்குமா என்று அவள் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்குச் சம்பளம் இல்லை. ஏறினோம்.

அடுத்த நிலையத்தில் இறங்கி, அரை டிக்கெட் பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். அக்காவின் ரயில் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அடித்த காற்றில் பல் பறந்துவிடாமல் கையை மூடிக்கொண்டாள்.

"மாமா, அதுல எந்த ஜன்னல் அம்மா?"

எனக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் எங்கள் ஊர் நடைமேடையில் அக்கா இறங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி எங்களைத் தேடுவாள் என்பது மட்டும் தெரிந்தது.

அந்த நிலையத்துப் பரிசோதகர் எங்கள் டிக்கெட்டுகளை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு," என்று புன்னகைத்தார்.

கவனியுங்கள் குழந்தைகளே. அக்கா டிக்கெட்டோடு போனாள். நாங்கள் டிக்கெட்டோடு வந்தோம். விதி எதுவும் மீறப்படவில்லை, யார் மீதும் தவறில்லை. பட்டப்பகலில் ஒரு பிள்ளையிடமிருந்து அதன் அம்மாவைப் பறித்துவிட்டு, 'எல்லாம் சரியா இருக்கு' என்று சிரிக்க முடிகிறதே, டிக்கெட் என்பது அதற்குத்தான்.