நலமாக இருப்பதாகத் தெரிவித்தார்

வழியில் பார்க்கிற ஒருத்தர் 'நல்லா இருக்கீகளா'ன்னு கேட்டா நீங்க என்ன சொல்வீக? பல்வலியில் கன்னம் பணியாரமா வீங்கியிருந்தாலும் 'நல்லா இருக்கேன்'னுதானே சொல்வீக? ஒத்தக்கடை பாண்டீஸ்வரியும் அதைத்தான் சொன்னாள். சொன்ன இடம்தான் சரியில்லை.

அவளுக்குச் சிறுநீரகத்தில் வலி. மாத்திரைக்கெல்லாம் மசியாத வலி. தவழ்கிற மகளைத் தூக்கி இடுப்பில் வைக்க முடியாது. ஆபரேசன் செய்தால் தீரும் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் யாருடைய வலி மெய்யான வலி என்று ஆய்ந்து தெளிவதற்காக, மதுரைப் பெரிய மனிதர்கள் அடங்கிய 'நாள்பட்ட சிறுநீரக வலியாளர் தெரிவுக் குழு' ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் வீற்றிருந்தது.

நாலு பேர் முன்னால் போகிறோமே என்று பாண்டீஸ்வரி தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனாள். தலைவர் பத்ரிநாத் தங்கமான மனிதர்.

"வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் சார். வீட்ல எல்லாரும் சுகமா?"

உறுப்பினர் சூரியபிரகாஷ் கம்ப்யூட்டரில் தட்டினார்: 'நோயாளி நலமாக இருப்பதாகத் தாமே மனமுவந்து தெரிவித்தார்.' ஆபரேசன் இல்லை.

பக்கத்து வீட்டு ரோகிணி தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த தடவை பூ வைக்காதே, தலை சீவாதே, போனதும் கத்து என்று சொல்லிக்கொடுத்தாள். பாண்டீஸ்வரி கத்திய கத்தலில் வாசல் வாட்ச்மேன் ஓடிவந்தார். இம்புட்டுத் தெம்புள்ள உடம்பில் கத்தி வைப்பது மருத்துவ அறத்துக்கு உகந்ததல்ல என்று குழு கருதியது.

அதற்கடுத்த தடவை வலியில் எழுந்திருக்கவே முடியவில்லை. புருசன் அசோக்குமாரை அனுப்பினாள். 'வந்தவரைப் பரிசோதித்ததில் வலி ஏதும் தென்படவில்லை' என்று முடிவாயிற்று.

விடுவாளா? மறுபடியும் போனாள். தலைவர் நாற்காலியில் சூரியபிரகாஷ் இருந்தார். பத்ரிநாத்தோ வெளியே வரிசையில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றார். அவருக்கும் அதே வலியாம். தலைவரானாலும் குழு முன்னால் வந்துதான் ஆகவேண்டும். அந்த விதியைப் போட்டதே அவர்தான்.

அவர் முறை வந்தது. உள்ளே போனார்.

"வாங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றார் சூரியபிரகாஷ்.

"நல்லா இருக்கேன்" என்றார் பத்ரிநாத்.

கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பாண்டீஸ்வரியைப் பார்த்தார். "அம்மா, எனக்கு மெய்யாவே வலிக்குதுன்னு நீங்களாவது அவர்கிட்ட சொல்லுங்கம்மா."

"சொல்றேன் சார்" என்றாள் பாண்டீஸ்வரி, தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே. "அப்படியே எனக்கும் வலிக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க."