லொத்தர் நானாவின் ஒலிபெருக்கி

கண்டியில் யாருக்கு என்ன வருத்தம் என்பது பெரியாஸ்பத்திரி வைத்தியர்களுக்குத் தெரிவதற்குக் கால் மணி நேரம் முன்பே கட்டுகஸ்தோட்டை முழுவதற்கும் தெரிந்துவிடும் என்று ஒரு காலம் இருந்தது. அதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். உலகத்தில் அம்புலன்ஸ் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அம்புலன்ஸை ஒலிபரப்பு நிலையமாக நடத்தியவர் எங்கள் லொத்தர் நானா மட்டும்தான்.

அவருடைய சொந்தப் பெயர் சாரதி அனுமதிப் பத்திரத்தில் இருந்தது. அதைப் போக்குவரத்துப் பொலிசாரைத் தவிர யாரும் படித்ததில்லை. கெலிஓயாக்காரர். இருபது வருடம் லொத்தர் சீட்டு விற்கும் வேனில் ஊர் ஊராகப் போய், நாளைக்கு நீங்கள்தான் கோடீஸ்வரர் என்று போவோர் வருவோருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் வாக்குக் கொடுத்தவர். அந்த வேன் ஓய்ந்ததும் எங்கள் தொண்டர் சங்கத்து அம்புலன்ஸுக்குச் சாரதியாக வந்தார். வரும்போது ஒலிபெருக்கியையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் அங்கே போனது வேறு வழியால். சுகாதார நிர்வாகத்தில் முப்பத்துநான்கு வருடம் சுற்றறிக்கை எழுதியவன் நான். நோயாளியை எப்படித் தூக்குவது, யார் தூக்குவது, தூக்கியதை எந்தப் பதிவேட்டில் பதிவது என்றெல்லாம் எழுதினேனே தவிர, ஒரு நோயாளியையும் தூக்கியதில்லை. ஓய்வுபெற்ற மூன்றாம் மாதம் என் மனைவி சமைக்கும் குசினிக்கு ஒரு நடைமுறை ஒழுங்கு எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். அடுத்த நாள் காலை, அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு ஆள் தேவை என்ற பத்திரிகை விளம்பரம் வெட்டப்பட்டு என் பிளேன்டீக் கோப்பைக்கு அடியில் இருந்தது.

பயிற்சியில் எழுத்துப் பரீட்சைக்கு நூற்றுக்கு நூறு. செய்முறைப் பரீட்சையில், ரப்பர் பொம்மையிடம் என்னை அறிமுகப்படுத்தி, அதன் சம்மதத்தைக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்ததில் பொம்மை இறந்துவிட்டதாகப் பயிற்சியாளர் அறிவித்தார். இருந்தாலும் தொண்டருக்குத் தட்டுப்பாடு. அறுபத்தொரு வயதில் புது உதவியாளனாக லொத்தர் நானாவின் வண்டியில் ஏறினேன்.

முதல் அழைப்பு தெல்தெனியவிலிருந்து. பலா மரத்திலிருந்து விழுந்த ஒரு பெரியவர், கால் முறிவு. மட்டையைக் கட்டி ஆளைத் தூக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. தட்டு, கோப்பை, பிளாஸ்க், தலையணை, கைகழுவப் பேசின் எல்லாம் அடுக்கி வீட்டார் ஆஸ்பத்திரி வாட்டுக்கான பையைக் கொண்டுவர இருபது நிமிடம் ஆனது. குண்டசாலையில் வாகன நெரிசல். நான் சைரன் போடச் சொன்னேன். நானா சைரனைத் தொடாமல் மைக்கை எடுத்தார்.

"அன்பான சாரதிமாரே, நம்மட வண்டியில தெல்தெனிய மாத்தயா ஒருத்தர் ஈக்கிறார். பலாக்காய் பறிக்கப் போய் விழுந்தது. கால் ரெண்டா மடிஞ்சி ஈக்கிது. முன்னால போற நீலக் கார் மிஸ், ஒங்களுக்கும் ஒரு வாப்பா ஈப்பார். கொஞ்சம் ஒதுங்குங்க."

இதையே சிங்களத்திலும் சொல்லி, ஆங்கிலத்தில் 'ஜேக் புரூட், லெக்' என்று முடித்தார். நீலக் கார் ஒதுங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவையும் ஒதுங்கின. எதிரே வந்த பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிய நடத்துநர், காய் பழுத்திருந்ததா என்று கேட்டார். நானா பின்பக்கம் விசாரித்து, இன்னும் பழுக்கவில்லையாம் என்று மூன்று மொழியிலும் அறிவித்தார். பாதையே அனுதாபப்பட்டது.

நோயாளியின் அந்தரங்கம் என்று ஒன்று இருப்பதையும், அதைப் பற்றி நானே எழுதிய சுற்றறிக்கையின் மூன்றாம் பந்தியையும் நானாவுக்கு அன்றைக்கே எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சைரன் போட்டா ஆக்கள் பாக்குறது வண்டிய, சேர். யாரோ பெரிய ஆள் சாப்பாட்டுக்குப் போறார் எண்டு நெனப்பாங்க. உள்ள ஈக்கிற ஆளச் செல்லணும். அப்பதான் விலகுவாங்க."

விலகினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. விதிக்கு மாறான ஒன்று பலன் தருவதைப்போல ஒரு நிர்வாகியைச் சங்கடப்படுத்துவது வேறில்லை. கெலிஓயாவில் ஓர் உம்மாவுக்குச் சீனி குறைந்து மயக்கம் வந்தபோது, பேராதனைக்கு வருவதற்குள் ஜன்னல் வழியாக நான்கு பக்கெட் டொபியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வந்து விழுந்தன. விக்கல் நிற்காத ஒருவருக்கு ஒவ்வொரு சந்தியிலும் ஒவ்வொரு வைத்தியம் சொல்லப்பட்டது. மூன்றாவது சந்தியில் சொன்னது பலித்து, நோயாளி பாதி வழியில் இறங்கிப் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு எந்தப் படிவத்தை நிரப்புவது என்று நான் இன்னமும் கண்டுபிடிக்கவில்லை.

நானாவுக்குக் கண்டம் வந்தது ஒரு முகாமையாளர் வடிவில். டை கட்டிய மனிதர். அவருக்கு மூலம் முற்றி இரத்தம் போய்க்கொண்டிருந்தது. அவர் கௌரவமானவர் என்பதைப் பார்த்ததுமே புரிந்துகொண்ட நானா, வருத்தத்தின் பெயரையே சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். 'நம்மட வண்டியில ஒரு பெரிய மெனேஜர் ஈக்கிறார், உக்கார ஏலாமக் குப்புறப் படுத்தீக்கிறார், காரணம் கேக்க வேணாம்' என்று மட்டும் அறிவித்தார். யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

முகாமையாளரிடமிருந்து நான்கு பக்க முறைப்பாடு வந்தது. சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி, விசாரணை வைத்து நானாவை வண்டியிலிருந்து இறக்கிவிடுவது என்று ஏறக்குறையத் தீர்மானித்தது. விசாரணைக்குக் குற்றப்பத்திரிகை வேண்டும். குழுவில் அதை எழுதத் தெரிந்தவர் யாருமில்லை. எனக்குத் தெரியும். ஏழு குற்றச்சாட்டு, ஒவ்வொன்றுக்கும் உபபிரிவு என்று எழுதினேன். விசாரணை முடியும்வரை சாரதி மைக்கைத் தொடக் கூடாது என்று ஓர் இடைக்காலக் கட்டளையும் சேர்த்தேன். நன்றாகவே வந்திருந்தது.

நானாவுக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் என்னையே வாசிக்கச் சொன்னார். ஏழையும் வாசித்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நல்லா எழுதீக்கிறீங்க, சேர். இதக் கேட்டா என்னை வெளிய போடணும் எண்டு எனக்கே வருது."

பிறகு, வெளியே போட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். இந்த வயதில் வேறு யாரும் வாகனம் கொடுக்க மாட்டார்கள் என்றார். அது பெரிய காரியமில்லை, மகன் கட்டாரிலிருந்து செலவுக்கு அனுப்புகிறான் என்றார். பிளேன்டீயைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"பொண்டாட்டி மவுத்தாகி ஆறு வருசம். ஊட்டுல நான் பேசினா கேக்க ஆளில்ல, சேர். இங்க பேசினா முழு டவுனும் கேக்குது."

நான் குற்றப்பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தேன். எழுதியதை மாற்ற முடியாது. ஏற்கெனவே பிரதிகள் போய்விட்டன.

விசாரணைக்கு முந்திய நாள் மதியம் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அழைப்பு. கொழுந்து எடுக்கும் மலையில் குளவி கலைந்து, அந்தோணியம்மா என்ற பெண்ணை இருபது இடத்துக்கு மேல் கொட்டிவிட்டது. நாங்கள் போனபோது முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடியிருந்தன. வாய் மட்டும் மூடவில்லை. குளவியை, குளவிக்கூட்டைக் கவனிக்காத கங்காணியை, தாமதமாக வந்த எங்களை என்று வரிசையாக ஏசிக்கொண்டிருந்தார். அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர், வயது, இலக்கம் எல்லாம் பதிந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயது. மடவளையைத் தாண்டும்போது ஏச்சு நின்றது. மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஒட்சிசன் முகமூடியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பாடசாலை விடும் நேரம். வாகனங்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. நானா சைரன் போட்டார். ஒரு முச்சக்கர வண்டிக்காரர் காதில் விரலை விட்டுக்கொண்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிடம் நின்றோம். மைக் நானாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கியது. அவர் கையை ஸ்டியரிங்கை விட்டு எடுக்கவில்லை. கட்டளை என்றால் கட்டளை.

அப்போதுதான் என் கட்டளை எனக்கே நினைவுக்கு வந்தது. அதில் 'சாரதி' என்றுதான் எழுதியிருந்தேன். உதவியாளனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முன்னாசனத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மைக்கைக் கேட்டேன். நானா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, ரப்பர் பொம்மை எழுந்து உட்கார்ந்திருந்தால் எப்படிப் பார்த்திருப்பேனோ அப்படி இருந்தது.

"பொதுமக்கள் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்" என்று தொடங்கினேன்.

"எத்தன மணிக்கு கரண்ட் வெட்டுறாங்க, சேர்?" என்று முச்சக்கர வண்டிக்காரர் கேட்டார்.

நானா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, நோட்டீஸ் வாசிக்க வேண்டாம், சொந்த வீட்டு ஆளுக்கு வழி கேட்பதைப்போலக் கேட்கச் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. முகமூடிக்குள் அந்தோணியம்மாவின் மூச்சு இரைந்தது. கேட்டேன்.

"மடுல்கெல்லயிலிருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. கொழுந்து எடுக்கப் போன இடத்துல குளவி கொட்டிருச்சு. மூச்சு விடக் கஷ்டப்படுறாங்க. அம்பத்திரண்டு வயசு. கொஞ்சம் வழி விடுங்க."

வீங்கிய ஒரு கை மேலெழுந்து முகமூடியை விலக்கியது.

"நாப்பத்தெட்டு" என்றார் அந்தோணியம்மா.

"அடையாள அட்டையில ஐம்பத்திரண்டு" என்றேன். மைக் என் கையிலேயே இருந்தது. அது பாலத்தின் இரு கரைக்கும் கேட்டது.

"அட்டைய எழுதுனவன் குடிகாரன், ஐயா. நாப்பத்தெட்டுன்னு சொல்லுங்க."

பதிவேட்டில் உள்ளதைத்தான் சொல்ல முடியும் என்று ஒலிபெருக்கியிலேயே விளக்கினேன். அப்படியானால் இறங்கி நடந்தே போவதாக அவர் சொன்னதும் ஒலிபெருக்கியிலேயே போனது. முதலில் சிரித்தது ஒரு பஸ். பிறகு பாலம் முழுவதும் சிரித்தது. சிரித்தபடியே ஒவ்வொரு வாகனமும் ஓர் அடி, இரண்டு அடி என்று ஓரம் கட்டியது. நடுவில் எங்களுக்கென்று ஒரு வழி திறந்தது. கடைசியாக நின்ற பஸ்ஸின் நடத்துநர், "நாப்பத்தெட்டாவே இருக்கட்டும் சேர், போங்க" என்று பின்கதவைத் தட்டி அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் விசாரணை. தலைவரும் குழுவினரும் வரிசையாகக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நானா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, பெண் பார்க்க வந்தவரைப்போல ஓரத்தில் இருந்தார். நான் முதலாம் குற்றச்சாட்டை வாசிக்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று வாட்டில் துண்டு வெட்டிக்கொண்டு நேராக வந்த அந்தோணியம்மா. ஒரு கண் திறந்திருந்தது. தனக்கும் ஒரு முறைப்பாடு இருப்பதாகச் சொன்னார். தலைவர் நானாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாரதி என்ன சொன்னார் என்று கேட்டார்.

"டிரைவர் நானா பாவம், வாயே திறக்கல. பேசுனது இவரு." திறந்திருந்த கண் என்னைப் பார்த்தது. "ஊரு பூரா கேக்குற மாதிரி எனக்கு நாலு வயசு கூட்டிட்டாரு."

அந்தரங்கத்தை வெளியிட்டதற்கு நடவடிக்கை வேண்டுமா என்று தலைவர் கேட்டார். குளவி கொட்டியதைச் சொன்னதில் குறையில்லை, சொல்லாவிட்டால் செத்திருப்பேன் என்றார் அந்தோணியம்மா. வயதைத் திருத்த வேண்டும். எந்த இடத்தில் சொன்னார்களோ அதே இடத்தில், அதே குழாயில், இதைவிடச் சத்தமாக. அதுவும் இந்த ஐயா சொல்லக் கூடாது, இவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதை யார் செய்வது என்று தலைவர் குழுவைக் கேட்டார். எல்லோரும் மெதுவாக நானாவைப் பார்த்தார்கள். நானா தரையைப் பார்த்தார். தொப்பி நடுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

தடை நீக்கப்பட்டதாக எழுத்தில் கட்டளை வந்தது. இனிமேல் நோயாளியின் சம்மதத்தைக் கேட்டபிறகே அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். முப்பத்துநான்கு வருடச் சேவையில் வாங்காதது. எழுதத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் அதையும் நானே எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, எனக்கே கொடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் வண்டியைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் முன்னால் நிறுத்தி, மடுல்கெல்ல அந்தோணியம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயதுதான் என்று நானா மூன்று மொழியிலும் அறிவித்தார். நான்காவது முறை, யாரும் கேட்காமலே, நாற்பத்தேழாக்கினார். முன்னாசனத்தில் உட்கார்ந்திருந்த அந்தோணியம்மா திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நாங்கள் ஒரே வண்டியில் போனோம். போன வருடம் கண்ணில் வெள்ளை படர்ந்து, அனுமதிப் பத்திரம் புதுப்பிக்க முடியாமல், நானா கட்டாருக்கு மகனிடம் போய்விட்டார். கொஞ்ச நாளில் நானும் வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

போன மாதம் கட்டுகஸ்தோட்டையில் ஓர் அம்புலன்ஸ் சைரனோடு என்னைக் கடந்தது. உள்ளே ஆணா பெண்ணா, எந்த ஊர், யாருடைய அம்மா என்று யாரும் சொல்லவில்லை. அது பாலத்தைத் தாண்டி மறைந்த பிறகும் நான் பாதையோரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.