பசிக்காத மீன்கள்

படகில் நின்றபடியே குளத்து வேலையாள் ஏசுபாபு கையை விரித்தான். மூங்கில் கழிகளில் தொங்கவிட்ட தீவனப் பைகள் நேற்றுக் கட்டிய கனத்தில் அப்படியே இருந்தன.

குளத்துக்காரர் சுப்பராஜு கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் ரோகு மீன்கள் வளராவிட்டால் குளத்தை மைத்துனர் நரசராஜுவுக்கே குத்தகைக்கு விட்டுவிடுவதாக ஊரறியச் சொல்லித் தொலைத்திருந்தார். அப்புறம் சொந்தக் கரையிலேயே அவர் விருந்தாளிதான்.

பீமவரம் மருந்துக்கடைக்காரர் கொடுத்தது நல்ல தூள். தயிரில் இருக்கிற மாதிரி உயிருள்ள நல்ல கிருமிகளாம். மீனின் குடலில் குடியேறிவிட்டால் பசியும் எடுக்கும், தின்றதும் உடம்பில் ஒட்டுமாம். அதை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து வாளியில் தருவது மனைவி கனகரத்னம். சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. தவிட்டோடு பிசைந்து பைகளில் அடைப்பது இவர்.

பலனில்லை என்றதும் தூளை இரட்டிப்பாக்கினார். மீன்கள் சட்டை செய்யவில்லை. வெல்லத்தை அள்ளிக் கொட்டச் சொன்னார். தின்னாத தீவனம் கரைந்து தண்ணீர் கெட்டது. விடிந்தால் மீன்கள் மூச்சுக்கு வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. நரசராஜு ஒருநாள் வந்து, கொட்டகையை எங்கே போடலாம் என்று பார்த்துவிட்டே போனார்.

அப்போதுதான் கனகரத்னம் தங்கையின் பிரசவத்துக்குப் போனாள். சுப்பராஜு அரைமனதாகத் தானே தூளைக் கலக்கினார். சில நாளில் பைகள் காலியாகத் தொடங்கின. மீன்கள் மினுமினுவென்று துள்ளின. மனுஷன் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

அவள் திரும்பி வந்தாள். பைகள் மறுபடி கனத்தன.

"அம்மா ஊர்ல இல்லாதப்பதான் மீனுக்குப் பசிக்குது, ராஜுகாரு," என்றான் ஏசுபாபு.

கிண்டல் ஊரைச் சுற்றி அவள் காதுக்கும் வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள்.

"நான் ராசியில்லாதவளாவே இருந்துட்டுப் போறேன். அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். உங்க குளமாவது பொழைக்கட்டும்."

சுப்பராஜு பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். குளமா இவளா என்று ஒரு கணம் யோசித்ததற்கே வெட்கமாக இருந்தது.

"குளத்தை உங்கண்ணனே எடுத்துக்கட்டும். நீ பெட்டிய உள்ள வை. மீன் தின்னாலும் சரி, தின்னாட்டியும் சரி, வாளி உன் கையாலதான் வரணும்."

கனகரத்னம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே இன்னும் கவனமா இருக்கேங்க. உயிருள்ள கிருமின்னு பாக்கெட்டுலயே போட்டிருக்கான், நான் ஒரு கொதிதான் விட்டுக்கிட்டிருந்தேன். நாளையிலேர்ந்து ரெண்டு கொதி விடறேன்."