நாற்காலியில் பறந்த கேப்டன்

பினாங்குத் தீவில் எங்கள் கேப்டனைப்போல் இத்தனை விமானங்களை நாசம் செய்தவர் எவரும் இல்லை. அத்தனையையும் அவர் ஆயர் ஈத்தாமில், ஒரு பிளாட்டின் உச்சி மாடியில், கைலி கட்டி உட்கார்ந்தபடியே செய்தார்.

கேப்டன் என் அக்காவின் கணவர். கப்பல் ஏஜென்டு அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. பட்டம் நான் வைத்தது. நான் பள்ளி ஆசிரியன்; பட்டம் வைப்பதில் மாணவர்கள் எனக்கு நல்ல பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

அவருக்கு இறக்கையில் காத்தாடி சுழலும் சின்ன விமானம் என்றால் உயிர்ப்பயம். பெரிய ஜெட் விமானத்தில் குறட்டை விட்டே போய்ச் சேர்ந்துவிடுவார். "அது கட்டடம், மச்சான். கொம்தார் மாதிரி. கட்டடத்துல உக்கார்றதுக்கு என்ன பயம்?" என்பார். ஆனால் அவருடைய மகள் சரவாக் காட்டுக்குள் ஒரு பள்ளியில் ஆசிரியை. மீரியில் இறங்கிச் சின்னக் காத்தாடி விமானத்தில் ஏறினால்தான் அவளைப் பார்க்கலாம். முதல் தடவை அவரும் அக்காவும் மீரிவரைக்கும் போனார்கள். நின்றிருந்த விமானத்தைப் பார்த்ததும் கேப்டன், "இது வேன் லா, ரெக்கை ஒட்டி வெச்சிருக்கான்" என்று சொல்லித் திரும்பி நடந்தார். மகளுக்குக் கொண்டுபோன முறுக்கு டின் பினாங்குக்கே வந்து சேர்ந்தது.

அடுத்த வருடம் மகள் உண்டானாள். மருமகனுக்கு அங்குள்ள கிளினிக்கில் வேலை என்பதால் பிரசவமும் அங்கேதான். அக்கா சொல்லிவிட்டாள்: "நீங்க வந்தா போவோம். இல்லாட்டி பேரப்பிள்ளைய போட்டோவுல பாத்துக்குவோம்."

வேறொருவராக இருந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறியிருப்பார். இவர் கம்ப்யூட்டர் வாங்கினார். விமானம் ஓட்டப் பழக்கும் விளையாட்டு ஒன்றை அதில் ஏற்றினார்.

"ஓட்டத் தெரிஞ்சா பயம் போயிரும், மச்சான். கார் ஓட்டுறவனுக்கு வாந்தி வந்து பாத்திருக்கியா?"

பழகுகிறவர்களுக்கென்று அதில் எளிய சின்ன விமானம் இருந்தது. அது வேண்டாமாம். மகள் ஊருக்குப் போகும் ஜாதிதான் வேண்டும் என்று இரட்டைக் காத்தாடி டர்போபுரொப் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அதைக் கிளப்புவதே ஒரு வித்தை. டர்பைன் போதிய வேகத்தில் சுழலும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் எண்ணெயை விடவேண்டும். அவசரப்பட்டால் இயந்திரம் வெந்துபோகும். பொறுமை என்பது கேப்டனிடம் மருந்துக்கும் கிடையாது. ஆகவே பல வாரங்கள் விமானம் நின்ற இடத்திலேயே வெந்தது. பறக்கக் கற்ற பிறகு தினமும் கடலில் விழுந்தது.

சாமி குற்றமாக இருக்கும் என்று ஒரு வெள்ளிக்கிழமை, புது வண்டிக்குச் செய்வதுபோல், கம்ப்யூட்டர் மேசையின் உருளைச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளினார். மேசை சறுக்கி, மானிட்டர் அக்காவின் மடியில் இறங்கியது. அந்த மாதத்தில் சேதமில்லாமல் நடந்த தரையிறக்கம் அது ஒன்றுதான்.

அக்காதான் துணை விமானி. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவற்றை அவர் ஒவ்வொன்றாகக் கூவ, அவள் பதில் சொல்லவேண்டும். எண்ணெயைத் திறக்கும் நெம்புகோலுக்குக் கண்டிஷன் என்று பெயர்.

"கண்டிஷன்?"

"இடுப்பு வலிதான். மத்தபடி பரவால்ல."

"உன் கண்டிஷன் இல்ல, பிளேன் கண்டிஷன்."

"அது உங்க கையில இருக்கு. எப்படி நல்லா இருக்கும்?"

இதையெல்லாம் நான் குடியிருந்த கெலுகோர் முழுக்கப் பரப்பினேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில், சாப்பாட்டுப் பந்தலில், சொந்தக்காரர்கள் முன்னால் அவரை நிறுத்தி, "நம்ம கேப்டன். இன்னிக்கு மலையில மோதாம நடந்தே வந்துட்டாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார். பிறகு தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். பயந்த மனிதனைப் பத்துப் பேர் முன் நிறுத்துவது தப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தே அடுத்த பந்தலிலும் அதைச் சொன்னேன்.

பேரன் பிறந்தான். மூவரும் போனோம். சின்ன விமானம் என்பதால் மூட்டையோடு ஆளையும் நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். காத்தாடி சுழன்றதும் கேப்டன் கண்களை இறுக மூடிக்கொண்டு, "கண்டிஷன்?" என்றார்.

"இடுப்பு வலிதான்" என்றாள் அக்கா.

அவர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள். விமானம் தரை தொடும்வரை அவள் சலிக்கவில்லை. பேரனைக் கையில் வாங்கியபோது கேப்டனின் சட்டை பிழியலாம்போல் நனைந்திருந்தது.

அக்கா மகளுக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டாள். நாங்கள் இருவரும் திரும்பும் நாளன்று, ஓடுபாதையின் ஓரப் புல்லில் உட்கார்ந்த கேப்டன் எழுந்திருக்கவில்லை.

"நீ போ, மச்சான். நான் படகுல வந்துக்கிறேன்."

ஆற்றில் வெள்ளம், படகு ஓடவில்லை. அது அவருக்கும் தெரியும். விமானி கடிகாரத்தைப் பார்த்தார். என் நாக்கில் அருமையான கிண்டல் ஒன்று தயாராக இருந்தது. அதை விழுங்கினேன்.

"தனியா என்னால ஏற முடியாது" என்றேன். "வரும்போதே உள்ளுக்குள்ள செத்துட்டேன். நீங்க பக்கத்துல இல்லாட்டி நானும் போகல."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? வாத்தியாரு லா நீ."

"வாத்தியாருக்குப் பயம் வரக்கூடாதா?"

கேப்டன் எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "பயந்தாங்கொள்ளி. வா, நான் இருக்கேன்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு அவர் சாகும்வரை, வாத்தியார் மச்சான் விமானத்தில் வெலவெலத்துப்போன கதையைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை. பரிமாறுகிறவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பான். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அன்று மீரியில் இறங்கும்வரை அவர் என் கையை விடவில்லை. அதில் நடுங்கியது யாருடைய கை என்று நான் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.