டிகே விழா கண்ட மருதமரம்

ஒரு காட்டில், அரசவை என்று ஒன்றும் சேர்ந்து வாய்த்துவிட்ட பாவப்பட்ட காட்டில், வடிவு என்றோர் அணில் இருந்தாள். அவளுக்குக் கண் திறக்காத மூன்று குட்டிகள். அரசவை கூடுகிற பெரிய மருதமரத்தின் பொந்தில்தான் குடியிருப்பு.

மழை விட்ட ஒரு காலையில் வடிவு பொந்துச் சுவரைச் சுரண்டினாள். கை உள்ளே போனது. மாவு மாவாகக் கொட்டியது. மரம் அடிவரை உளுத்துவிட்டது.

வேறு மரத்துக்குப் போகவேண்டியதுதானே என்பீர்கள். அரசவை உத்தரவில்லாமல் பொந்து மாறினால் காவல் பருந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சட்டமாம்! அதனால் செயலாளர் நரியிடம் ஓடினாள்.

"நரியாரே, மரம் உளுத்துப்போச்சு. வேற மரம் கொடுங்க."

நரி மூக்கைப் பொத்திக்கொண்டது. "சபையில பேசற பேச்சா இது? இங்கிலீஷ்ல பேர் இல்லாத வியாதியை ராஜா பார்க்கமாட்டார். போய்ப் பேர் வாங்கிட்டு வா."

பெயர் வைக்கப் பண்டிதர் சுகவனம் வந்தார். டவுனில் கான்வென்ட் வாசல் கூண்டில் கிடந்து இங்கிலீஷ் கற்ற கிளி. ஒரு கொத்து கொத்திவிட்டு, "டிகே" என்றார். உளுத்துப்போவதற்கு இங்கிலீஷில் அதுதான் பேராம்.

சபை சொக்கிப்போனது. "நம்ம மரத்துக்கா!" என்று சிங்கராஜா பிடரியைச் சிலிர்த்தார். "அடுத்த காட்டில் இருக்கிறதா இது? இந்தச் சொல்லுக்கு விழா எடுங்கள்!"

"பேர் கிடைச்சிடுச்சே, உத்தரவு?" என்றாள் வடிவு.

"பேரே வச்சாச்சு. இன்னும் என்னம்மா குறை உனக்கு?" என்றது நரி.

விழா அதே மரத்தடியில். கரடி தவிலைப் போட்டு வெளுத்தது. கிளி தொண்டையைச் செருமியது. "பல் சொத்தையானால் டிகே. ஒழுக்கம் கெட்டால் டிகே. அணு தேய்ந்தால் டிகே. மணியோசை மங்கினால் அதுவும் டிகே. ராஜ்ஜியம் சீரழிந்தாலும்..." நரி இருமியது. "அதாவது, பக்கத்து ராஜ்ஜியம்" என்று திருத்திக்கொண்டது கிளி.

பல் என்றதுதான் தாமதம், சபை மொத்தமும் வாயைப் பிளந்து சொத்தைப் பல்லைத் தேடியது. சிங்கராஜாவுக்கு இரண்டு இருந்தன. கைதட்டல் அடங்கவில்லை. வெட்கங்கெட்ட கூட்டம்!

மேலே பொந்து குலுங்கியது. "ஐயா, மரம் ஆடுதய்யா! தவிலையாவது நிறுத்துங்க!" என்று வடிவு கத்தினாள்.

"கேள்வி நேரம் கடைசியில்" என்றது நரி.

வடிவு பல்லைக் கடித்தாள். பருந்து வந்தால் வரட்டும் என்று குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய்ப் புதரில் போட்டாள். கடைசிக் குட்டியோடு குதித்தபோது கிளி சொல்லிக்கொண்டிருந்தது: "மரங்களுக்கும் இச்சொல் பொருந்தும். உதாரணமாக..."

உதாரணம் விழுந்தது.

ராஜாவுக்கு இடுப்பு போயிற்று. பருந்துக்கு இறக்கை போயிற்று. தவில் கிழிந்தது. கிளி மட்டும் பறந்து தப்பியது.

மறுநாள் விசாரணை. "முதன்முதலில் உளுத்துப்போச்சு என்று சொன்ன வாய் எது?" என்று முனகினார் ராஜா. எல்லாரும் வடிவைக் காட்டினார்கள்.

"நான் வைத்த பெயரால் மரத்துக்குக் கௌரவம். இவள் கரிநாக்கால்தான் சாவு" என்று சாட்சி சொன்னது கிளி. அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வடிவைக் குட்டிகளோடு ஆற்றின் அக்கரைக்கு நாடு கடத்தச் சொன்னார்கள்.

வடிவு தலையிலடித்துக்கொண்டு அழுதாள். அழுகையோடே யானை முதுகில் ஏற்றி ஆற்றைக் கடத்திவிட்டார்கள். அக்கரையில் ஒரு புன்னைமரப் பொந்தைத் தட்டிப் பார்த்தாள். கெட்டியாகச் சத்தம் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். அரசவை இல்லை, பருந்து இல்லை, பண்டிதரும் இல்லை. "அடப்பாவிகளா, இதைத்தானேடா கேட்டேன்!" என்று சிரித்துவிட்டாள்.

இக்கரையில் அடுத்த மரத்தடியில் சபை கூடிவிட்டது. கிளி ஏறி அடிமரத்தைக் கொத்தியது. கரடி தவிலுக்குப் புதுத்தோல் கட்டிக்கொண்டிருந்தது.

நீதி: அரசவையிடம் வீடு கேட்டு மனுப் போடாதே, குற்றம் செய், யானை வைத்துக் கொண்டுபோய் விடுவார்கள்.