பின்னறைக்குப் போன வைஃபை

மின்விசிறி வாங்கிய ஒருவர், பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த செய்முறைத் தாளை நிஜமாகவே படித்துவிட்டார். அதில்தான் வந்தது வினை.

"படி நான்கு: இறக்கைகளைத் திருகாணியால் நன்றாக இறுக்கியபின், யாரோ பெல் அடிக்கிறாங்க, போய்ப் பாருங்க" என்று அதில் அச்சாகியிருந்தது.

தாளை எழுதியவருக்குக் கம்பெனி மேலாளர் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சார், இத்தனை வருஷத்துல நம்ம தாளைப் படிச்ச முதல் ஆள் அவர்தான். பாதியில ஏணியை விட்டு இறங்கி, வாசலுக்குப் போய்ப் பாத்திருக்கார். யாரும் இல்லையாம்."

"தப்புதான் சார்."

"இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாத்துக்குவோம் சார். வெச்சிடறேன்."

எழுதியவர் இடிந்துபோய் உட்கார்ந்தார். அவருக்குத் தெருவில் படிப்படியார் என்று பெயர். மிக்ஸி, குக்கர், துணி துவைக்கும் இயந்திரம், எதை வாங்கினாலும் உள்ளே ஒரு தாள் இருக்குமே, படி ஒன்று, படி இரண்டு என்று, அதை எழுதுவது அவர் தொழில். யாரும் படிக்காத படிகளை எழுதியே இருபது வருஷம் ஓட்டிவிட்டார். அவர்கூட எந்தத் தாளையும் படித்ததில்லை. எழுதுகிறவன் எதற்குப் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் மனைவியின் தொழில் நேர் எதிர். குரல் கொடுப்பது. லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்பதும், ரயில் நிலையத்தில் "கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள்" என்பதும் அந்தம்மாதான். ஆக, இவர் எழுதிய படியை யாரும் பார்ப்பதில்லை; அந்தம்மா சொன்னபடி ஊரே நடக்கிறது. வீட்டை விட்டுத் தப்பித்து எங்காவது போய் லிஃப்டில் ஏறினால், அங்கேயும் மனைவி. பழக்க தோஷத்தில் "சரிம்மா" என்று சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அவர் வேலை செய்வது ஹாலில், ரவுட்டருக்குப் பக்கத்து மேஜையில். இரண்டு மாதமாக அங்கே மிக்ஸியும் குடித்தனம் வந்திருந்தது. சமையலறை பிளக் சரியில்லை என்று வீட்டம்மா கொண்டுவந்து வைத்தது. அது ஓடாத நேரத்தில் பெல் அடிக்கும். பெல் அடிக்காத நேரத்தில் "என்னங்க, சும்மாதானே இருக்கீங்க?" என்று கேட்கும். காதில் விழுந்ததெல்லாம் விரல் வழியாக இறங்கித் தாளில் ஏறிவிட்டது.

அன்று மாலை அவர் மேஜையைத் தட்டி எழுந்தார்.

"முடிவு பண்ணிட்டேன். நான் பின்னறைக்குப் போறேன்."

"எந்தப் பின்னறை?"

"நம்ம பின்னறைதான். சமையலறை தாண்டி, குளியலறை தாண்டி, கடைசியில இருக்கே."

"அதுல உங்க காலி அட்டைப்பெட்டிதானே நூத்தம்பது இருக்கு? ஒண்ணைத் தொட விடமாட்டீங்களே?"

"நானே தூக்கிப் போடறேன்."

"வைஃபை அங்க வராதே?"

"வர வைப்பேன்!"

வீட்டம்மா ஒரு வினாடி அவரைப் பார்த்தார். "உங்களால முடியும்னா செய்யுங்க" என்று சொல்லிவிட்டு மிக்ஸியை ஓட விட்டார்.

அந்த "முடியும்னா" அவரை உசுப்பிவிட்டது. மூன்றே நாளில் அட்டைப்பெட்டிகள் அத்தனையும் பழைய பேப்பர்காரர் வண்டியில் ஏறின. அறை பளிச்சென்று ஆனது. வைஃபைதான் மசியவில்லை. ரவுட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாளை விரித்துப் பார்த்தார். பின்னறைக்கு ஒன்றும் வரவில்லை. முன்னால் இருந்ததில் பாதி குறைந்தது. அலமாரி மேல் ஏற்றினார். அப்புறம் மேஜை மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் ரவுட்டர், அதைப் பிடித்தபடி அவர்.

"இதுக்கு மேல போகணும்னா கூரையைப் பிரிக்கணும்" என்றார் வீட்டம்மா. "கடையில கேட்டுப் பாருங்களேன்."

கடைக்காரர் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தார்.

"இது ரிப்பீட்டர் சார். ரவுட்டர் சொல்றதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும். சுயமா ஒரு வார்த்தை பேசாது."

"எங்க வீட்ல அந்த வேலையில ஏற்கெனவே ஒருத்தன் இருக்கேன். இருந்தாலும் குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்தார். தாளைக் கசக்கி மூலையில் எறிந்தார். டப்பாவை நேரே பின்னறையில் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பிடுங்கிச் செருகினார். அதே சிவப்பு. தட்டினார், ஊதினார், மிரட்டினார். அது அசையவில்லை.

வீட்டம்மா வந்து வாசற்படியில் நின்றார்.

"என்னங்க, அதுக்கே கேக்காத இடத்துல நிக்க வெச்சு, அடுத்தவங்களுக்குச் சொல்லுன்னா எப்படிச் சொல்லும்? நடுவுல வைங்க. பாதி தூரத்துல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தாள்ல போட்டிருக்கு. படி ரெண்டு."

கசங்கிய தாள் நீவப்பட்டு வீட்டம்மா கையில் இருந்தது. படிப்படியார் அந்தத் தாளையே பார்த்தார். தாளைப் படிக்கிற ஒரு பெண்ணைத்தான் கட்டியிருக்கிறோம் என்பது இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே!

சமையலறையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆரஞ்சு விளக்கு. "இரும்புப் பெட்டிகிட்ட வேண்டாமாம், படி மூணு" என்றார் வீட்டம்மா. ஜன்னல் பக்கத்து பிளக்குக்கு மாற்றினார். பச்சை! போனைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினார். எல்லாக் கோடும் நிமிர்ந்து நின்றன. வேகமோ, ஹாலில் வருவதற்குச் சளைத்ததில்லை. கையை உயர்த்தி "வந்துடுச்சு!" என்று கத்தினார். சுவர்கள் திருப்பிக் கத்தின.

"அய்யோ, எதிரொலிக்குதே" என்றார் வீட்டம்மா. "கெட்டியா திரைச்சீலை போடலாம். தரையில ஒரு கம்பளம். ஜன்னல் இடுக்கை அடைச்சுடுங்க, தெருச் சத்தம் வருது."

படிப்படியார் நெகிழ்ந்துபோனார். தன் வேலையின் மேல் மனைவிக்கு இத்தனை அக்கறை இருப்பதை அன்றைக்குத்தான் கண்டார். சொன்னதெல்லாம் செய்தார். கதவுக்கு ரப்பர் பட்டைகூட ஒட்டினார், உள்ளே தனக்கென்று ஒரு புது மேஜையும் போட்டார். ஒரு ஞாயிறு முழுக்க அதிலேயே போயிற்று. முட்டி வலித்தது, மனசு குளிர்ந்தது.

திங்கட்கிழமை காலை. குளித்து, நல்ல சட்டை போட்டு, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னறைக் கதவைத் திறந்தார்.

அவர் மேஜை மேல் ஒரு மைக் நின்றது. அதன் முன்னால் காதில் ஹெட்ஃபோனோடு மனைவி.

"என்னம்மா இது?"

"மைக்குங்க."

"அது தெரியுது. என் ரூம்ல எதுக்கு?"

வீட்டம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். "ஸ்டூடியோல ரொம்ப நாளா சொல்றாங்க. வீட்ல அமைதியா ஒரு ரூமும் நல்ல நெட்டும் இருந்தா அங்கிருந்தே பேசலாம், அவங்க இருந்த இடத்துலயே கேட்டுத் திருத்துவாங்களாம். ரெண்டு பஸ் மாறி இனிமே அலைய வேண்டாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. பெட்டியெல்லாம் எங்க போகும், அந்தச் சுவத்தைத் தாண்டி வைஃபை எந்தக் காலத்திலயும் போகாதுன்னு அரை மணி நேரம் விளக்கம் குடுத்தீங்க."

படிப்படியாருக்கு அந்த அரை மணி நேரம் மங்கலாக ஞாபகம் வந்தது. நன்றாகவே விளக்கியிருந்தார்.

"அதுக்கப்புறம் நான் ஏன் கேக்கப் போறேன்? மிக்ஸியை மட்டும் எடுத்து உங்க பக்கத்துல வெச்சேன்."

"பிளக் சரியில்லைன்னியே?"

"சமையலறையில ரிப்பீட்டரைச் செருகினீங்களே, எரிஞ்சுதா இல்லையா? அதே பிளக்தான்."

படிப்படியார் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அந்த பிளக்கில் டப்பா பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் எங்க உக்காந்து வேலை செய்யறது?"

"ஹால்லதான். மிக்ஸி உள்ள போயிடுச்சு, நிம்மதியா எழுதுங்க. பெல் அடிச்சா மட்டும் எழுந்து பாருங்க, எனக்கு இங்க ஒண்ணும் கேக்காது. கதவைச் சாத்திட்டுப் போறீங்களா? பதிவு ஆரம்பிக்குது."

சாத்தினார். ரப்பர் பட்டை அழகாகப் பொருந்தியது. உள்ளேயிருந்து ஊசி விழும் சத்தம்கூட வரவில்லை. அப்படி ஒட்டியிருந்தார்.

ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். வீடு உண்மையிலேயே அமைதியாக இருந்தது. ஒரு வகையில் கேட்டது கிடைத்துவிட்டதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, "படி ஒன்று" என்று அடித்தார். போன் சிணுங்கியது. பின்னறையிலிருந்து செய்தி.

"சிக்னல் பிரமாதம். தொண்டை கட்டுது, கொஞ்சம் வெந்நீர். கதவைத் தட்டாம கொண்டு வாங்க."

"இதோ" என்று பதில் போட்டார். விரலை எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தத் தெருவில் அவ்வளவு வேகம் வேறு எந்த வீட்டிலும் கிடையாது.