எட்டு ஜிபி இடமும் என் தங்கச்சி கல்யாணமும்

ஒன்றுமே தெரியாதவனால் கெடுதல் இல்லை. பயந்து தொடாமல் இருப்பான். பாதி தெரிந்தவன்தான் ஆபத்து. நான் அந்தப் பாதி.

கோலார் தங்கவயல் என்கிற கேஜிஎஃப்பில், ஸ்கெலட்டன் என்ற பகுதியின் பக்கம் எங்கள் வீடு, சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடு. தினமும் ரயிலேறிப் போய் பெங்களூர் பட்டறையில் ஃபிட்டராக இருக்கிறேன். (கம்ப்யூட்டர் படித்ததில்லை. ஸ்குரூ டிரைவர் பிடித்தவனுக்கு எல்லாம் வரும் என்கிற திமிர் மட்டும் உண்டு.) என் மனைவி செல்வியும் அப்போது அதே ரயிலில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் நசுங்கி அலுத்துப்போய், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்றுக்கு எழுதிப் போட்டாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ.

வெள்ளிக்கிழமை லீவில் இருந்தேன். என் தங்கை மாலா பென் டிரைவோடு வந்தாள்.

"ண்ணா, எங்க கல்யாண வீடியோ. லேப்டாப்புல ஏத்திட்டுக் குடு. வீடியோக்காரரு பென் டிரைவ இன்னிக்கே கேக்குறாரு. அவருகிட்ட இருந்தத அழிச்சிட்டாராம்."

ஏற்றப் போனால் டிஸ்கில் இடம் இல்லை. எது இப்படித் தின்கிறது என்று தோண்டினேன். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டு என்றதும் ஒன்று மாட்டியது. எட்டு ஜிபி! திறந்தால் திறக்கவில்லை. அழித்தால் அழியவில்லை. யார்டா நீ?

போனில் தேடினேன். ஸ்வாப் ஃபைலாம். மெமரி நிரம்பி வழியும்போது மிச்சத்தை இறக்கி வைக்கிற இடமாம். வழியும்போதுதானே? வழியாத நாளில் எட்டு ஜிபியை வளைத்துப்போட்டு என்ன செய்கிறது? அது இல்லாவிட்டால்தான் என்ன ஆகும்? பார்த்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. செட்டிங்கில் அதை நிறுத்தி, லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். எட்டு ஜிபி காலி! தாலி கட்டியதிலிருந்து பந்தி வரை அத்தனையையும் அதில் திணித்தேன். பென் டிரைவில் இருந்த வீடியோவைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தனுப்பினேன். (துடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.)

மறுநாள் இன்டர்வியூ நன்றாகத்தான் போனது. திரையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த கம்பெனி அம்மா, "ஒரு பட்டியல் அனுப்பியிருக்கேன், திறந்து சரி பண்ணுங்க" என்றார். செல்வி திறந்தாள். மெமரி போதவில்லை என்று ஒரு வரி வந்தது. அப்புறம் அந்த அம்மாவே காணாமல் போனார். மறுபடி முயன்றாள். மறுபடி போனார்.

"இன்னாங்க பண்ணி வெச்சீங்க?"

"சும்மா கெடந்த ஒண்ண நிறுத்தினேன். அவ்ளோதான்."

எதை என்று சொன்னேன்.

"போன மாசம் காலியா இருந்த தண்ணி டிரம்முல போர்வையெல்லாம் அடைச்சி வெச்சீங்களே. தண்ணி வந்தன்னிக்கு இன்னா ஆச்சு?"

"போர்வ நனைஞ்சிது."

"தண்ணி?"

"தெருவுல போச்சு."

"அதேதான் இது! மொதல்ல திரும்பப் போடுங்க!"

போட்டேன். இடம் இல்லை என்றது. இடம் முழுக்க மாலா மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தாள். செல்வி போனில் அந்த அம்மாவிடம் கெஞ்சிப் பத்து நிமிடம் வாங்கினாள். வீடியோவை வேறெங்காவது மாற்ற அது போதாது. அழி என்று அவள் சொல்லவில்லை. அந்த ரயிலில் தொங்கி வருகிற முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

அழித்தேன். குப்பைக்கூடையையும் காலி செய்தேன், அப்போதுதான் இடம் வரும். "நிச்சயமாகவா?" என்று அது வேறு கேட்டது. சனியன்.

ஒன்பதாவது நிமிடம் செல்வி திரையில் இருந்தாள். பட்டியல் திறந்தது. வேலையும் கிடைத்தது. இப்போது ரயிலில் நான் மட்டும்தான் தொங்குகிறேன்.

மாலா மூன்று மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். ஆனால் வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அவள் புருஷன், "நமக்குக் கல்யாணம் ஆச்சுன்னு இன்னா அத்தாட்சி? உங்க அண்ணன காட்டச் சொல்லு" என்கிறானாம். உடனே எனக்குப் போன் வரும். நான் அதைச் செல்வியிடம் நீட்டிவிட்டு, டிரம்மில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவேன்.